வரிமீன்களின் கடைசி ஜோடி

என்ன வேலை என்று யாராவது கேட்டால், மீன் வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். தில்லியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் கோடு கோடாக இருக்கும் வரிமீன்களுக்குத் தீனி போடுவதும், தொட்டி கழுவுவதும், ஜோடி சேர்ப்பதும் என் வேலை. இதில் மூன்றாவதை நான் வெளியே சொல்வதில்லை.

சாயங்காலம் ஒரு சின்னத் தொட்டியில் ஆணை ஒரு பக்கமும் பெண்ணை ஒரு பக்கமும் விட்டு, நடுவில் கண்ணாடி போன்ற தடுப்பை வைப்பேன். விடியும்வரை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் அறையின் விளக்குகள் எரிந்ததும் தடுப்பை எடுத்துவிட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் அரை மணியில் முட்டைகள் வலை வழியே தொட்டியின் அடியில் விழும். வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்பாள்: "இன்னிக்கு எத்தன கல்யாணம்? பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மரியாதையெல்லாம் சரியா நடந்துதா?"

அங்கே ஆராய்ச்சி செய்பவர்களில் ஒரு மேடம், தில்லி துவாரகாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நானும் தில்லியிலேயே, கோல் மார்க்கெட் பக்கம் வளர்ந்து, ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். அவருடைய தமிழில் பாதி இந்தி இருக்கும். அதனால் எனக்குப் புரியாமல் போனதே இல்லை. தன் ஆராய்ச்சியை அவர் எனக்கு இப்படிச் சொன்னார். ஒரு மருந்து நோயைக் குணமாக்குகிறது, ஆனால் சிலருக்கு மட்டும் இதயத்தைக் கெடுத்துவிடுகிறது. அந்தச் சிலரிடம் ஒரு மரபணு மாறியிருக்குமோ என்பது அவருடைய சந்தேகம். அதனால் அதே மரபணுவை மாற்றிய மீன்களை வளர்த்தார். வரிமீன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இதயம் துடிப்பது தெரியும். மருந்தைத் தண்ணீரில் கலந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கோடையில் தொட்டிகளில் நோய் புகுந்தது. மேடம் மரபணு மாற்றி வளர்த்த வகையில் ஒரு ஆணும், வயதான ஒரு பெண்ணும்தான் மிஞ்சின. இவை முட்டையிடாவிட்டால் அந்த வகையே அற்றுப்போகும். புதிதாக உருவாக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மேடத்தின் உதவித்தொகையோ அந்த வருடத்தோடு முடிகிறது.

மூன்று முறை ஜோடி சேர்த்தேன், ஒரு முட்டைகூட இல்லை. நான்காவது முறை விஷயம் பரவிவிட்டது. காலையில் விளக்கு எரியும்போது அந்தச் சின்ன அறையில் என்னைத் தவிர எட்டுப் பேர். எங்கள் எல்லோருக்கும் மேலான சார் தொட்டியில் மூக்கு படும்படி குனிந்திருந்தார். ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். நான் தடுப்பை எடுத்துவிட்டு வாளியோடு பின்னால் ஒதுங்கினேன். பெண் மீன் ஒரு மூலைக்குப் போய் நின்றது, அசையவில்லை.

எனக்கு என் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. ஒற்றை அறை வீடு, உள்ளே பதினோரு உறவினர்கள். நானும் மனைவியும் ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் எல்லோரும் குதுப்மினார் பார்க்கப் போன அன்றுதான் பேசினோம்.

சார் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. இருந்தும் இந்தியில் சொல்லிவிட்டேன்: "சார், எல்லாரும் கொஞ்சம் வெளியில போங்க. கூச்சப்படுது."

யார் என்று கேட்டார் சார். மீன் என்றேன். யாரோ சிரித்தார்கள்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணா, பக்காவா?"

"பக்கா, மேடம். நீங்களும் போங்க."

"நானுமா?"

"நீங்கதான் ரொம்பக் கிட்ட நிக்கிறீங்க."

முதலில் வெளியே போனவர் சார்தான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். என் துண்டை மடித்துத் தொட்டியின் ஒரு முனைக்குக் கீழே வைத்து, இவை முட்டையிடும் ஆற்றங்கரை மாதிரி அந்த முனையில் தண்ணீர் ஆழமில்லாமல் இருக்கும்படி சாய்த்தேன். பிறகு நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கதவுக்கு வெளியே எட்டுப் பேர் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்து, வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மீனுக்குக் கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஆழம் குறைந்த பக்கத்தில் பெண் முன்னே ஓட, ஆண் பின்னே ஓடிக்கொண்டிருந்தது. அடியில், வெந்த ஜவ்வரிசி மாதிரி, ஆனால் அதைவிடப் பொடியாக, முட்டைகள். கதவைத் திறந்தேன். கையைத் தொட்டிப் பக்கம் நீட்டினேன். மேடம் என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஓடித் தரையில் உட்கார்ந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் மேடம் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். முட்டைக்குள் சுருண்டு கிடந்த குஞ்சில், ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. போதும் அண்ணா, மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்று அவர் மூன்று முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதே ஜோடியை மறுபடி சேர்த்தோம். தடுப்பை எடுத்த கொஞ்ச நேரத்தில் கதவை மெதுவாகத் தட்டும் சத்தம். திறந்தால் சார். உள்ளே வரலாமா என்று என்னிடம் கேட்டார்.

இன்னும் அரை மணி ஆகும் சார், என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கேயே நின்று காத்திருந்தார்.