தீபாவளிக்குக் கட்டிய கோடி

அத்தை வீட்டுக் கொல்லைக் கம்பியில் மாம்பழ நிறச் சேலை ஒன்று காய்கிறது. அரக்குக் கரை. காற்று வந்தால் எழுந்து நிற்கிறது, போனால் உட்கார்ந்துகொள்கிறது. என்னைப் போலவே ஓரிடத்தில் இருக்கத் தெரியாத சேலை. இதை வாங்கியவர் என் அப்பா. தங்கையின் பிணத்தின்மேல் போர்த்துவதற்காக வாங்கினார்.

அத்தைக்கு அப்போது வயது முப்பதுகளின் தொடக்கம். ஜொகூரில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அத்தையின் கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. விழுங்கும்போது அதுவும் ஏறி இறங்கும். பிள்ளைகள் நாங்கள் தண்ணீர் குடித்துக் காட்டச் சொல்வோம், சலிக்காமல் காட்டுவாள். மாமாவுக்கு ரப்பர்ப் பால்வெட்டு வேலையை விட்டு வர வழியில்லாததால், அப்பாதான் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப் போனார். கட்டியை எடுத்தார்கள். புற்று என்றார்கள். வெள்ளைக்கார டாக்டர் பேசியதை மருந்து கட்டும் டிரஸ்ஸர் தமிழில் சொன்னாராம்: "உறுதியா எதுவும் சொல்ல முடியாதாம். ஆனா இது மெதுவா வளர்ற ஜாதி. கண்ணுக்குத் தெரிஞ்ச மட்டும் எடுத்தாச்சு. வயசும் சின்ன வயசு. இப்படி வந்தவங்க நெறைய பேரு கெழவியாகி, வேற எதுலயோதான் போறாங்களாம். வருஷா வருஷம் வந்து கழுத்தக் காட்டணும்."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் கேட்டார்கள். அப்பாவின் காது முதல் வாக்கியத்தோடு அடைத்துக்கொண்டது. அத்தை கடைசி வாக்கியம்வரை கேட்டாள். அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அந்த நோயின் பெயரைக் கேட்டபின் பிழைத்த எவரையும் அவர் பார்த்ததில்லை. புற்றிலும் நிதானமானது உண்டு என்று அவரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? தோட்டத்தார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து கண்ணைத் துடைத்தார்கள். அத்தை பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, அறுவைக்குப் பின் வந்த, தேங்காய் நார் உரசுவது போன்ற புதுக் குரலில் அவர்களைத் தேற்றினாள். அந்தக் குரல் பிறகு மாறவே இல்லை.

உடம்பு தேறும்வரை எங்கள் வீட்டில் இருந்தாள். ஒருநாள் கம்பளி தேடித் தகரப் பெட்டியைத் திறந்தவள், கையில் சேலையோடு வந்தாள்.

"அண்ணே, இது அண்ணிக்கா, எனக்கா?"

அப்பாவுக்குப் பொய் வராது. தரையைப் பார்த்தார். பிறந்த வீடு கடைசியாகப் போடும் கோடிச் சேலைக்கென்று, துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரை போயிருந்தார். தோட்டத்துக் கடைத் துணியில் தங்கையை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்குன்னா இப்பவே கட்டிக்கிறேன். செத்தப்புறம் எந்தக் கண்ணாடியில பாக்கிறது?"

"வாயக் கழுவு புள்ள," என்றாள் அம்மா. "கோடின்னு எடுத்தத யாராச்சும் உசுரோட கட்டுவாங்களா?"

"கலரு நல்லாருக்கு அண்ணி. அண்ணன் ஆசையா எடுத்திருக்காரு. வீணாப் போகணுமா?"

அந்தத் தீபாவளிக்கு அதைத்தான் கட்டினாள். ஆசி வாங்க அப்பாவின் காலில் விழுந்தாள். அவர் அட்சதைத் தட்டிலிருந்த அரிசி முழுவதையும் அவள் தலையில் கொட்டிவிட்டார்.

பிறகு ஒவ்வொரு வருடமும் கழுத்தைக் காட்ட அதையே கட்டிப் போனாள். பயம் இல்லாமலில்லை. போகும் ரயிலில் வாய் திறக்கமாட்டாள். வரும் ரயிலில் மூடமாட்டாள். டாக்டர்கள் மாறினார்கள். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அடுத்த வருடம் வா. நம்மில் எவருக்கும் இதைவிடப் பெரிய வாக்கு கிடைத்துவிடவில்லை.

அப்பா போய் நாளாகிறது. பழம் கொண்டுவந்தவர்களிலும் பலர் இல்லை. அத்தை சேலைக் கரையைத் தொட்டு ஈரம் பார்க்கிறாள்.

"எங்கண்ணன் போட்ட கோடி நூலாப் போச்சு மருமகனே. இனி நீதான் போடணும்."

"என்ன கலர் வேணும் அத்தை?"

"பச்சை. அதுக்குன்னு இப்பவே தங்காக்குக்கு ஓடிராத லா. இத மொதல்ல காய விடு. அடுத்த வாரம் கழுத்தக் காட்டப் போவணும்."