நாற்பத்து மூன்று சென்டிமீட்டரும் ஒரு தலையணையும்

எங்கள் தெருவில் அந்த பிளம்பருக்கு 'உக்காருங்க' என்றுதான் பெயர். தண்ணீர்த் தொட்டியைச் சுவருக்குள் மறைத்துக் கழிப்பறைக் கோப்பை பொருத்துவதில் கைதேர்ந்தவர். ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கோப்பையில் உட்கார்ந்து காட்டாமல் சுவரை மூடமாட்டார். உடையோடுதான். சம்பந்தி வந்திருந்தாலும் விலக்கில்லை.

காரணம் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், தொழிலுக்கு வந்த புதிதில், குள்ளமான ஒரு தலைமையாசிரியர் வீட்டில் கோப்பையை உயரத்தில் பொருத்திவிட்டார். டைல்ஸும் ஒட்டியாயிற்று. அந்த மனிதர் பல வருடம், கால் தரையில் படாமல், ஊஞ்சலில் வைத்த குழந்தைபோலத்தான் உட்கார்ந்திருந்தார். இவரைத் தெருவில் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் மனைவியின் முழங்காலால். பழைய கோப்பையிலிருந்து அவளால் தானாக எழ முடியவில்லை. ஏழு மாதமாக உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் வரும், போய்க் கைகொடுப்பேன். முப்பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் மிச்சமிருந்த ரகசியமும் அத்தோடு போயிற்று. அவள் கேட்டது ஒன்றுதான்: உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தானே எழுந்து வரவேண்டும்.

அளவு என் பொறுப்பு. டிவி முன்னால் உள்ள நாற்காலியிலிருந்து அவள் சிரமமில்லாமல் எழுவாள். அதை மூன்று தடவை அளந்தேன். நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். குறிப்பேட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, தாளைக் கிழித்துப் பிளம்பரிடம் கொடுத்தேன்.

பிளம்பர் அந்த உயரத்துக்கே, கோப்பையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைச் சுவருக்குள் பொருத்தி, கோப்பையைத் தற்காலிகமாக மாட்டினார். "அக்கா, உக்காருங்க."

"அதான் அளவு குடுத்திருக்கேனே, மூடுங்க," என்றேன்.

"உங்க பேப்பரா ஐயா இதுல உக்காரப்போகுது?"

உட்கார்ந்தாள். எழப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் "வாங்க" என்றாள்.

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"அந்த நாற்காலியில தலையணை போட்டுல்ல தம்பி உக்காருவேன்," என்றாள் மனைவி. "அளக்கறப்ப இவர்தான் அத எடுத்து ஓரமா வச்சாரு."

"டேப்புக்கு இடைஞ்சலா இருந்துச்சு," என்றேன்.

பிளம்பர் சிரிக்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது. தலையணையை வரவழைத்து, நாற்காலியில் போட்டு, அவளை உட்காரவைத்து, அமுங்கிய நிலையில் அளந்தார். ஐந்து சென்டிமீட்டர் கூடுதல். சட்டத்தை அவிழ்த்து ஏற்றினார்.

இம்முறை அவள் எழுந்தாள். நம்பாமல் இன்னொரு தடவையும் உட்கார்ந்து எழுந்தாள். பிறகு என் முறை. என் குதிகால்கள் தரையைத் தொடவில்லை.

"ஐயாவுக்கு உயரமாச்சே, என்ன பண்ணலாம்?" என்றார் பிளம்பர்.

"கால ஆட்டிக்கிட்டே இருக்கட்டும். நீங்க மூடுங்க தம்பி," என்றாள் மனைவி.

டைல்ஸ் ஒட்டி ஆறாம் நாள், காலை ஏழு பத்துக்கு அவள் உள்ளே போனாள். ஏழு மாதத்துக்குப் பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று கதவருகிலேயே நின்றேன்.

"அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க," என்றாள் உள்ளிருந்து. "போங்க."