நான் களைந்தெறிந்த மாலைகள்

பல்கலைக்கழக மொட்டைமாடியில், கவிழ்த்து வைத்த வெள்ளைக் கிண்ணம் போல ஓர் ஆன்டெனா இருந்தது. மலேசியாவின் ஜோகூரில் நான் படித்த கடைசி ஆண்டில் தினமும் மாலை அதன் அருகே நின்றிருக்கிறேன். நின்றேன் என்பதே பொய். எனக்கு எங்கே நிற்க வரும்? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அக்கா ஓரமாக உட்கார்ந்து, செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. எங்கள் ஆய்வகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்த சீனியர். ஐந்து வயது மகளைக் காஹாங்கில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, விண்வெளிப் பிளாஸ்மா படித்தவர். நமக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் காற்று மின்னேற்றம் பெற்றிருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் பொழுது சாய்ந்ததும், கொதிக்கிற கஞ்சியில் வருவதுபோல அதில் பெரிய பெரிய குமிழிகள் எழும்பும். அவற்றின் ஊடாக வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நடுங்கும். மார்ச் மாதத்தில் எந்தெந்த மாலைகளில் குமிழி வரும் என்று அக்கா முன்கூட்டியே கணித்துத் தேதி குறித்திருந்தார். கணிப்பு பலித்தால்தான் அவருக்குப் பட்டம்.

அந்தச் சமிக்ஞையை வாங்கி ஆன்டெனா தரும் பதிவுகளில் கோளாறான எண்களைக் களைவது என் வேலை. ஒவ்வொரு நாளையும் வரைபடமாகப் போட்டு, கண்ணால் பார்த்துத்தான் களைய வேண்டும் என்பது அக்காவின் முறை. அப்போது ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வியாழன் மதியமே ஊருக்குப் போகும் பொந்தியான் பஸ்ஸைப் பிடிக்க என் கால் துடிக்கும். ஆகவே அக்காவுக்குத் தெரியாமல் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். அளவுக்கு மீறித் துள்ளும் எண்ணை எல்லாம் அது தூக்கி எறிந்துவிடும். பத்து நிமிடத்தில் ஒரு வாரம் முடிந்தது. கணினியில் இடம் போதாததால், களைந்து முடித்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவது ஆய்வக வழக்கம். அழித்தேன். பதறாத காரியம் சிதறாது என்பார் அக்கா. நான் சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொள்வேன்.

மாத முடிவில் அவருடைய வரைபடங்கள் எல்லாம் ஒரு சிறு நடுக்கமும் இல்லாமல் கிடந்தன. மேற்பார்வையாளர், கணிப்பே தவறு, தலைப்பை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா மூன்று வாரம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு மேசையைக் காலி செய்தார்.

"என் கணக்குதான் தப்பு லா. வானத்தக் கோவிச்சு என்ன ஆகப் போவுது?" என்றார். சிங்கப்பூரில் ஒரு சிப் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்.

அவர் போன மறுவாரம், என் மடிக்கணினியில் அழிக்க மறந்த ஒரு வார மூலப் பதிவு கிடைத்தது. திறந்து பார்த்தேன். அந்த வாரத்தில் அக்கா குறித்திருந்த ஐந்து மாலைகளிலும் சமிக்ஞை நடுநடுங்கியிருந்தது. துள்ளிய எண்கள்தான் குமிழிகள். கோளாறு என்று நான் எறிந்தது அவருடைய ஆய்வையே. சொல்லியிருக்க வேண்டும். என் பட்டம் போய்விடுமே என்று பயந்தேன். இன்று அதே பாடத்தை நானே நடத்துகிறேன். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அக்காவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. பதினாறு வயதாகிவிட்ட மகள், பள்ளியில் நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுக்க ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "நம்ம குடும்பத்து மண்டைக்கு அது ஏறாதுன்னு சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தார். அன்று வகுப்பில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டே அழைத்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

திட்டட்டும், தகும் என்று காத்திருந்தேன்.

"பதினேழாம் தேதி குமிழி வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுக்கா. அந்த வாரத்துல நீங்க குறிச்ச அஞ்சு நாளும் வந்துச்சு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் தெளிந்தது.

"என்கிட்ட சொன்னத அப்படியே அவகிட்டயும் சொல்லு. ஃபோன அவகிட்டக் குடுக்கிறேன்."

மறுமுனையில் ஒரு பெண், "ஹலோ ஆன்ட்டி" என்றாள். அப்போதுதான் என் கால்கள் நின்றன.

"உங்க அம்மா போட்ட கணக்கு சரிதான்மா" என்று ஆரம்பித்தேன். "தப்பு பண்ணது நான்."