உள்ளே வரும் துப்பாக்கிகளுக்கு மட்டும்

கண்காட்சிக்குள் வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும் ஆர்லின் கையில் வாங்கிப் பார்ப்பார். தோட்டா அறையை மூடும் போல்ட்டை இழுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவி, குண்டு இல்லை என்று உறுதியான பிறகு ஓர் ஆரஞ்சு நிற கேபிள் டையை, அந்தப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை, நுழைத்து இறுக்கிவிடுவார். அப்புறம் அந்தத் துப்பாக்கியை மூடவும் முடியாது, சுடவும் முடியாது. குழாயை ஆள் பக்கம் திருப்பிக்கொண்டு யாராவது வந்தால், பிஷப்பாகவே இருந்தாலும் வாசலில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

ஆர்லின் அப்படிப்பட்ட ஆள். காகித ஆலையில் இருந்த காலம் முழுக்க அவருக்கு அதுதான் வேலை. ரிப்பேருக்காக உருளைகளுக்கு நடுவே ஆள் இறங்குவதற்கு முன்னால் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். இறங்கிய ஆள் வெளியே வந்து முகத்தைக் காட்டினால்தான் பூட்டு திறக்கும். மேனேஜர் வந்து குதித்தாலும் குதித்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் பூட்டிய இயந்திரத்தில் ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று மனைவி சத்தியம் செய்தாலும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அவளும் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

அமெரிக்காவின் வடக்கே, எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்ச் மாதம் என்பது ஒரு தண்டனை. மான் வேட்டை எப்போதோ முடிந்திருக்கும். ஏரிமேல் உறைந்த பனி இளகத் தொடங்கியிருக்கும், அதை நம்பி மீன் பிடிக்கவும் போக முடியாது. வீட்டிலேயே கிடக்கும் ஆண்களை வெளியே துரத்துவதற்கென்றே வைத்தது போல ஒரு சனிக்கிழமை துப்பாக்கிக் கண்காட்சி வரும். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோடையில் மாடுகளை நிறுத்திப் பரிசு கொடுக்கிற தகரக் கொட்டகையில் மேசைகளைப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பாதி மேசையில் துப்பாக்கி இருக்கும். மீதியில் கத்தி, காய்ந்த மான்கறி, தேன், கம்பளிக் காலுறை. வருகிறவர்களில் பலர் எதையும் வாங்க மாட்டார்கள். போன வருஷம் விலை போகாத அதே துப்பாக்கியை எடுத்துப் பார்த்து, போன வருஷம் சொன்ன அதே பொய்யைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷம் ஆர்லின் வாசலில் தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. தம்பி மகள் டானா.

"பெரியப்பா, அப்பா இன்னிக்கு அங்க வர்றாராம். இப்பத்தான் சொன்னாரு."

"இங்கயா?"

"சும்மா பாத்துட்டு வர்றேங்கிறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆஸ்பத்திரியில டூட்டி, மில்வாக்கிலேருந்து நான் எப்பிடிக் கிளம்பி வர்றது? அவரு கையில ஒண்ணும் கிடைக்காமப் பாத்துக்குங்க பெரியப்பா."

"நான் பாத்துக்கிறேம்மா" என்றார் ஆர்லின். எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

கோர்டி அவருடைய ஒரே தம்பி. அப்பாவின் பால் பண்ணையை அவன்தான் எடுத்து நடத்தினான். மனைவி மார்லிஸ் புற்றுநோயில் போன பிறகும் ஒற்றை ஆளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். முடியவில்லை. போன இலையுதிர்காலத்தில் மாடுகளை லாரியில் ஏற்றி அனுப்பினான். அதற்கப்புறமும் விடியுமுன் எழுந்து, கறப்பதற்கு ஒன்றுமில்லாத கொட்டகையில் போய் நின்றுகொண்டிருந்தான். நவம்பரில் நன்றியறிதல் நாள் விருந்துக்கு வந்த டானா, அந்தக் கொட்டகையில் அப்பா மடியில் ரைஃபிளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். "சும்மா தொடச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். துடைக்கிற துணி அங்கே எங்கும் இல்லை.

அன்றே ஆர்லின் போனார். "கொஞ்ச நாளைக்கு எல்லாம் என் வீட்ல இருக்கட்டும்டா" என்றார். கோர்டி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியாக அவனே தூக்கிவந்து அண்ணன் காரில் வைத்தான். அவை இப்போது ஆர்லின் வீட்டு நிலவறையில், இரும்பு அலமாரியில் இருக்கின்றன. சாவி ஆர்லினிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோர்டி சாப்பிட வருவான். நிலவறைப் படிக்கட்டுப் பக்கம் இரண்டு பேருமே திரும்ப மாட்டார்கள்.

ஆர்லின் நேரே பெவ்விடம் போனார். கண்காட்சியை நடத்துகிறவள் அவள்தான். குள்ளமான உருவம், குரல் மட்டும் கொட்டகையின் அந்தக் கோடி வரைக்கும் போகும்.

"அவன் மேல கேஸு இருக்கா? கோர்ட்டு உத்தரவு?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னன்னு சொல்லி நிறுத்தச் சொல்ற? மூஞ்சி சரியில்லன்னா? அப்பிடிப் பாத்தா மார்ச் மாசத்துல இந்த ஊர்ல ஒரு பயலையும் உள்ள விட முடியாதுய்யா." ஆர்லின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "மேசைக்காரங்ககிட்ட வேணா சொல்லிப் பாரு. விக்கிறதும் விக்காததும் அவங்க இஷ்டம்தான?"

கதவு திறப்பதற்குள் ஆர்லின் ஒரு மேசை விடாமல் போய்ச் சொன்னார். சொல்ல நாக்கூசியது. தம்பியின் துக்கத்தைக் கடை கடையாகப் போய்ப் பிரித்துக் காட்டுவதுபோல இருந்தது. ஆனால் எல்லோரும் தெரிந்தவர்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். பழைய ரைஃபிள்கள் விற்கிற ஹெர்ப் அவர் தோளில் கை வைத்தான். "எனக்கும் அவன் தம்பி மாதிரிதான் ஆர்லின். ஒரு தோட்டாகூடத் தர மாட்டேன், போ" என்றான். வாசலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, ஆலையில் கடைசி சுவிட்சுக்கும் பூட்டுப் போட்டு முடித்த நிம்மதி அவருக்கு.

அந்த நிம்மதியில்தான் முதல் ஆளிடம் அவ்வளவு பேசினார். விதைச்சோளக் கம்பெனித் தொப்பி போட்டவன், வேற்று மாவட்டத்துக்காரன். மேசை வாடகை கொடுக்க மனமில்லாதவர்கள் இப்படி வருவார்கள். விற்க வேண்டிய ரைஃபிளைத் தோளில் மாட்டி, குழாயில் ஒரு குச்சியைச் செருகி, அதில் விலை எழுதிய காகிதக் கொடியை ஒட்டிக்கொண்டு கூட்டத்தில் நடப்பார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒத்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் கைகுலுக்கலோடு முடிந்தது, வேறு கேள்வி கிடையாது. ஆர்லின் அந்த ரைஃபிளைச் சோதித்து ஆரஞ்சு டையை இறுக்கினார்.

"நல்லா வெச்சிருக்கீங்களே" என்றார்.

"மாமனாரோடது. எனக்கு எதுக்கு? போற எடத்துல போகட்டும்."

"வாசல்ல நின்னா ஈ ஓட்டணும். பின்னாடி காபிக் கடைகிட்டப் போய் நில்லுங்க. வாங்குற யோசனையில இருக்கிறவன் எல்லாம் அங்கதான் நின்னு யோசிப்பான்."

அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஆர்லின் அடுத்த துப்பாக்கிக்குக் கை நீட்டினார்.

கோர்டி பத்து மணி வாக்கில் வந்தான். வெறும் கை. சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். பெவ் அவன் புறங்கையில் முத்திரை குத்தினாள். பிள்ளைகளின் கோடைக் கண்காட்சியில் மிச்சமான முத்திரை அது, நீல நிறப் பன்றிக்குட்டி.

"என்ன பெவ், எங்க மாட்டுக்குப் பரிசு குடுத்த எடத்துல எனக்குப் பன்னிக்குட்டியா?"

"ஒன் அழகுக்கு அதுவே சாஸ்தி, உள்ள போ."

கோர்டி சிரித்தான். பல மாதங்களாக ஆர்லின் பார்க்காத சிரிப்பு. வீணாகப் பயந்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது.

"எங்கூட உக்காரேன்டா. கை குடைச்சலா இருக்கு, நீ நாலு கட்டு."

"ஒரு சுத்து சுத்திட்டு வர்றேண்ணே. எல்லாரையும் பாத்து நாளாச்சு."

அப்புறம் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஆளுக்கொரு துப்பாக்கி, ஆளுக்கொரு கதை. ஆர்லின் அவ்வப்போது எட்டிப் பார்த்தார். தலைகளும் தொப்பிகளும்தான் தெரிந்தன. அவரவர் பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். போகிற துப்பாக்கியைப் பார்ப்பதற்கு அங்கே ஆள் கிடையாது. டையை வெட்டிக்கொள்ள வாசற்கம்பத்தில் ஒரு கட்டிங் பிளையரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"வெட்டி விடுண்ணே."

ஆர்லின் நிமிர்ந்தார். முன்னால் கோர்டி நின்றுகொண்டிருந்தான். கையில் அந்தத் தொப்பிக்காரனின் ரைஃபிள். காகிதக் கொடியைப் பிடுங்கியிருந்தார்கள், குச்சி மட்டும் குழாயில் நின்றது. அவரே காலையில் இறுக்கிய டை. வால் நீட்டிக்கொண்டிருக்காமல் ஒட்ட நறுக்குவது அவர் வழக்கம். அப்படியே நறுக்கியிருந்தது.

"யாருகிட்ட வாங்கின?" தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"பேரு கேக்கல. அவனும் எம்பேரக் கேக்கல. அதனாலதான் வாங்கினேன்."

"கோர்டி..."

"நீதான சொன்ன? எல்லாருகிட்டயும்?"

ஆர்லின் ஆமாம் என்று தலையசைத்தார்.

"வாங்குற நெனப்போட நான் வரலண்ணே. வீட்ல செவுத்தப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரந்தான் உக்கார்றது? நாலு பேரு மூஞ்சியப் பாப்போம், நாலு பொய்யக் கேப்போம்னு வந்தேன். ஹெர்ப் என்னைப் பாத்ததும் மேசை மேல துணியை இழுத்து மூடுறான். எழவு வீட்ல பேசுற மாதிரி மெல்லப் பேசுறான். காபி குடிக்கிறியாங்கிறான். எத்தனை வருஷப் பழக்கம், எனக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்திருப்பானா அந்தக் கஞ்சப்பய? அவன்தான்னு இல்ல. போற எடமெல்லாம் காபி, போற எடமெல்லாம் தோள்ல கை. ஒருத்தனும் ஒரு துப்பாக்கிய எங்கையில குடுக்கல. ஒருத்தனும் ஒரு பொய் சொல்லல."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"காபிக் கடைகிட்ட ஒதுங்கி நின்னேன். அங்க ஒருத்தன், புடிச்சுப் பாருங்கன்னு கையில குடுத்தான். மனுசன்கிட்டப் பேசுற மாதிரி பேசினான். அவன் வெலை சொன்னான், நான் கொறைச்சுக் கேட்டேன். அவ்வளவுதான்."

"அது ஒனக்கு எதுக்குடா?"

கோர்டி ரைஃபிளைப் பார்த்தான். நரி தொல்லை என்று ஒரு பொய் சொல்லமாட்டானா என்று ஆர்லின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பண்ணையில் நரி தின்ன ஒரு கோழிகூட இல்லை. இருந்தாலும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"தெரியலண்ணே" என்றான் கோர்டி.

ஆர்லின் கம்பத்திலிருந்த பிளையரைக் கயிற்றோடு உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"வீட்ல இல்லாத பிளையரா?" என்று கேட்டுவிட்டுக் கோர்டி வண்டிகள் நிற்கிற பக்கம் நடந்தான்.

ஆர்லின் பெவ்வைப் பார்த்தார். அவள் முத்திரையைக் கையில் வைத்தபடி வண்டிகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். உருவிப் பிடுங்குவதா? காசு கொடுத்து வாங்கிய அவனுடைய பொருள். போலீசைக் கூப்பிட்டு எந்தக் குற்றத்தைச் சொல்வது? கொட்டகை நிறையத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்ட கை, இந்த ஒன்றுக்கு முன்னால் வெறும் கையாக நின்றது. அந்த விற்பனைக்கு இடம் காட்டி அனுப்பியதும் தான்தான் என்கிற நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது.

"ஐயா, என்னோடதப் பாக்குறீங்களா?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

ஆர்லின் எழுந்தார். வேலை முடியாமல் இடத்தை விட்டு எழுந்து அவருக்குப் பழக்கமில்லை. சேறும் பனிக்கூழுமாகக் கிடந்த திடலில் வழுக்கி வழுக்கி ஓடினார். கோர்டி ரைஃபிளை இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு, பிக்கப் வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆர்லின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். மார்லிஸ் இருந்தவரை உட்கார்ந்த இடம் அது.

"எறங்குண்ணே."

"மாட்டேன்."

"வாசல்ல அவ்வளவு பேரு நிக்கிறாங்க. பெவ் கத்தப்போறா."

"கத்தட்டும்."

கோர்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். புறங்கையில் நீலப் பன்றிக்குட்டி பாதி அழிந்திருந்தது. "எத்தனை நாளைக்கு இப்பிடி எம்பக்கத்துல உக்காந்திருப்ப?"

ஆர்லின் மனதுக்குள் கணக்குப் போட்டார். இன்றைக்கு உட்காரலாம். ராத்திரி அவன் வீட்டு சோபாவில் படுக்கலாம். டானா வரும்வரை கூடவே திரியலாம். அதற்கு மறுநாள் என்ன செய்வது? உள்ளே போன ஆள் வெளியே வந்து முகத்தைக் காட்டும்வரை சாவியைத் தராமல் நிற்கத்தான் அவருக்குத் தெரியும். இங்கே சாவி அவரிடம் இல்லை. தம்பிக்கு முன்னால் அழக்கூடாது என்று நினைத்தார், அழுதுவிட்டார். கையால் துழாவி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டப் பார்த்தார். அது பிடிக்காமல் நழுவியது.

கோர்டி திரும்பிப் பார்த்தான்.

"அது சரியா விழாதுண்ணே. ரெண்டு தடவ அழுத்து" என்றான்.

ஆர்லின் இரண்டு தடவை அழுத்தினார்.