அழிக்க அதிகாரமில்லாதவர்

“கோப்புப் பாதுகாப்பு உதவியாளர். நிறுவனத்தின் எந்தக் கோப்பையும் திருத்தவோ அழிக்கவோ அதிகாரமில்லாதவர்.”

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி 1994இல் தாவீதுக்குக் கொடுத்த உத்தரவில் இப்படித்தான் இருந்தது. பெருங்களத்தூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாலை ஐந்தரைக்கு அவர் ‘மேக்’ என்று அடிக்க வேண்டும். இன்ஜினியர்கள் அன்று எழுதியதையெல்லாம் ‘ஸ்கிரிப்ட்’ என்ற ஒரு கட்டளைப் பட்டியல் சேர்த்து, புரோகிராமாக்கி, ஃப்ளாப்பியில் ஏற்றி, திரையில் ‘ஓகே’ என்று சொல்லும். தாவீது லேபிளில் கையெழுத்துப் போட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குக் கூரியரில் அனுப்புவார். ஸ்கிரிப்டை எழுதிய துரைராஜ் அமெரிக்கா போய்விட்டதால் அது புனிதமாகிவிட்டிருந்தது.

மூன்றாவது மாதம் ஓசூரிலிருந்து போன். திருத்தியதாகச் சொன்ன தவறு அப்படியே இருக்கிறதாம். லேபிளில் இருந்ததோ தாவீதின் கையெழுத்து.

“சார், உள்ள கீற புரோகிராம்ல முந்தா நேத்து தேதி கீது சார். அன்னிக்கி புரோகிராமே சேரல. பழசத் தூக்கி வச்சிட்டு ஓகேன்னுது.”

மேனேஜர் சம்பந்தம் நிமிரவில்லை. “ஓகேன்னு வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சு சார்.”

“அப்புறம் இன்னாய்யா பேஜார் பண்றே? இன்னொரு வாட்டி இப்டி ஆச்சு, நிரந்தரத்த மறந்துடு.”

தாவீது ஸ்கிரிப்டைப் பிரிண்ட் எடுத்துப் படித்தார். ஒரு வரியின் தொடக்கத்தில் சின்ன ஹைஃபன். இந்த வரியில் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று அதற்கு அர்த்தமாம், மேனுவல் சொன்னது. ஹைஃபன் இல்லாமல் அந்த வரியைச் சுத்தமாக மறுபடி அடித்தார். பாரா தொடங்க ஐந்து ஸ்பேஸ் என்பது இன்ஸ்டிட்யூட்டில் கை படித்த பாடம், விட்டார். துரைராஜ் அங்கே தட்டியிருந்தது, ஒரே தட்டில் அவ்வளவு இடமும் விடும் டேப் கீ. கண்ணுக்கு இரண்டும் வெறும் வெள்ளைதான். மெஷினுக்கு அப்படியில்லை. பிழைகளைப் பொறுத்துப் பொறுத்துப் போன ஸ்கிரிப்ட், அன்றைக்கு ஒன்றைக்கூடப் பொறுக்காமல் நின்றுவிட்டது.

நான்கு இன்ஜினியர்கள் ஒரு நாள் முழுக்க பிரிண்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். காகிதத்தில் தவறே இல்லை. கடைசியில் பழைய ஸ்கிரிப்டையே, ஹைஃபனோடு, பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டார்கள். தாவீதுக்கு ஒரு மெமோ.

“ஆனா அந்த ஹைஃபன் தப்பு மேடம்,” என்றார், நால்வரில் ஒருவரான கனகவல்லியிடம்.

“தப்புதான். ஆனா அது ஓடற தப்பு. நீங்க போட்டது ஓடாத சரி. ஆள விடுங்க தாவீது, இனிமே யாரு அதுல கை வைப்பா?”

யாரும் வைக்கவில்லை. ஸ்கிரிப்டைத் தொட முடியாது, ‘ஓகே’யை நம்ப முடியாது, கையெழுத்துப் போடாமலும் இருக்க முடியாது. தாவீதுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய புரோகிராம் மெஷினில் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் எதைத் தூக்கி வைக்கும்? புதியது சேராத நாளில் ஃப்ளாப்பி காலியாக இருக்கும். காலி ஃப்ளாப்பியைக் காட்டினால் கனகவல்லி முனகிக்கொண்டே உட்கார்ந்து சரிசெய்வார்.

ஆறாம் மாதம் வேலை நிரந்தரமானது. உத்தரவில் அதே வாசகம். கம்பெனி மூடும்வரை, நான்கு வருடம், தினமும் ஐந்தே காலுக்கு, தாவீது முந்தைய நாள் புரோகிராமை அழித்தார்.