கறுப்புக் கையுறை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அமெரிக்காவில், கடற்படைத் தளம் உள்ள நார்ஃபோக்கில், எங்கள் தெருவிலேயே நடந்தது இது. வெர்னன் ஹாஸ்கெட் சொன்னதை எதிரே உட்கார்ந்து கேட்டவன் நான். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் படியுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் நடந்ததே பட்டப்பகலில்.

வெர்னன் கடற்படையில் சீஃப், அதாவது மாலுமிகளை வேலை வாங்கும் மேலாள். ஓய்வு பெற்று நாற்பது வருடமாகியும் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். இது நடந்த வாரம் இமோஜீன் ப்ரூயிட் அவரைத் தேடி வந்திருந்தாள். அவர் கப்பலில் சமையல்காரனாக இருந்த டெல்மரின் மனைவி. டெல்மர் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோயில் செத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விதவைக்குத் தரவேண்டிய உதவித்தொகையை அரசு மறுத்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் சுற்றிய குழாய்கள் ஓடும் கொதிகலன் அறையில் கிடந்தவன் என்றால் சரி, சமையல்காரனுக்கு ஆஸ்பெஸ்டாஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கூட இருந்தவர் ஒருவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும். அப்படிச் சொல்ல, உயிரோடு இருப்பவர் சீஃப் மட்டும்தான்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சீஃப். இல்லேன்னா வீடு கைய விட்டுப் போயிடும்."

"என் கப்பல்ல தூசியே கெடையாதும்மா. வெள்ளிக்கிழமை தவறாம வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு, குழாய் குழாயா நானே தடவிப் பாப்பேன். ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது."

"அந்தத் தூசியே வெள்ளைதானே சீஃப்? வெள்ளைக் கையுறையில எப்பிடித் தெரியும்?"

சீஃபின் முகம் செத்துப்போனது. இதே கேள்வியை அந்தக் காலத்திலேயே ஒருவன் கேட்டிருந்தான்.

"கறுப்புக் கையுறை போட்டுப் பாருங்களேன் சீஃப்" என்று டெல்மர் எல்லோர் முன்னாலும் கிண்டலடிக்க, மாலுமிகள் கொல்லென்று சிரித்தார்கள். சீஃபுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உறையை, அந்தப் பயணம் முடியும்வரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று அவனுக்குத் தண்டனை கொடுத்தார். தேய்க்கத் தேய்க்க மாவாகக் கொட்டும். டெல்மர் இருமுவான். சீஃப் வேடிக்கை பார்ப்பார்.

இதை எப்படி வெளியில் சொல்வது? "போயிட்டு வாம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார். மனுஷனா அவர்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை மணி பத்து. கப்பலில் சோதனை தொடங்கும் நேரம் அது. வெளியே நல்ல வெயில். சீஃப் காபியோடு உட்கார்ந்திருந்தார்.

டக்... டக்... டக்...

வாசல் கதவு அல்ல. படுக்கையறைக் கதவு. அதுவும் உள்ளேயிருந்து.

"யாரது?"

ஓர் இருமல் மட்டும். வறட்டு இருமல்...

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அறை காலியாக இருந்தது. திரும்பி வந்தார். காபியின் மேல் வெள்ளையாக ஏதோ மிதந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உதிர்ந்துகொண்டே இருந்தது...

அப்போதுதான் அதைப் பார்த்தார்.

கதவு நிலையின் மேல் ஒரு கறுப்புக் கையுறை.

அதற்குள் கை இருந்தது. கைக்குப் பின்னால் ஆள் இல்லை.

விரல் நிலையைத் தடவியது. சர்ர்ர்... அலமாரியைத் தடவியது. சர்ர்ர்...

பிறகு அவர் முகத்துக்கு நேராக நீண்டது.

விரல் நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"தூசி இருக்கா சீஃப்?"

டெல்மரின் குரல். காதுக்குள்ளேயே கேட்டது.

"இ... இருக்கு."

"சத்தமா."

"இருந்துச்சு டெல்மர்! நான்தான் ஒன்னைத் தேய்க்க வெச்சேன்!"

விரல் உதட்டைப் பிரித்தது. நாக்கில் தடவியது.

"இப்ப மூச்சை இழுங்க."

இழுத்தார்...

காலில் செருப்புகூட இல்லாமல் சீஃப் தெருவில் ஓடியதை நானே பார்த்தேன். பக்கத்துத் தெருவில் இருந்த இமோஜீன் வீட்டு வாசலில் போய் விழுந்தார். அன்றைக்கே அவளை அழைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர்கள் அலுவலகத்துக்குப் போய், தண்டனை உட்பட ஒன்று விடாமல் சொன்னார். மாதங்கள் இழுத்தடித்தாலும் உதவித்தொகை வந்தது. இமோஜீனின் வீடு தப்பியது.

"கேட்டதக் குடுத்துட்டேன். இனிமே வரமாட்டான்" என்றார் சீஃப் என்னிடம். சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருக்கு வேறு யாரும் இல்லை என்பதால் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"இவர் வீட்ல எதையாவது இடிச்சாங்களா?"

"இல்லையே. அவர் கப்பலை விட்டு வந்தே நாப்பது வருஷமாச்சு, டாக்டர்."

"பழைய ஆஸ்பெஸ்டாஸ்னா, ஒடம்பு அது மேல துரு மாதிரி ஒரு பூச்சு பூசியிருக்கும். நுரையீரலைக் கழுவி எடுத்துப் பார்த்தேன். இதுல பூச்சே இல்ல. அத்தனையும் புதுசு."

அவர் குரல் தாழ்ந்தது.

"போன வாரம் பார்த்தேன். இன்னைக்கும் பார்த்தேன். இன்னைக்கு அதிகமா இருக்கு... நடுவுல அவர் இந்தப் படுக்கைய விட்டு எறங்கவே இல்ல."