ஒரே பெயரில் இரண்டு கோடுகள்: சாந்திபுரத்திலிருந்து அலிபிரிக்கு சைக்கிளில்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது என் மனைவி சுமதி ஒரு வேண்டுதல் வைத்தாள். கால் சரியானால் சாந்திபுரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டிலிருந்து திருப்பதி மலையடிவாரமான அலிபிரி வரை சைக்கிளில் வந்து, அங்கிருந்து மலையேறுவது. கால் சரியானது. ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் எனக்கு நான்கு நாள் விடுப்பும் கிடைத்தது. மழை ஓய்ந்த ஜனவரியில் கிளம்பினோம். முதல் நாள் பலமனேர், இரண்டாம் நாள் சித்தூர், மூன்றாம் நாள் திருப்பதி. மொத்தம் சுமார் 160 கிலோமீட்டர்.

செல்போன் வரைபடம் இருக்கும்போது தனியாக ஜி.பி.எஸ் கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கள் இருவரின் ஹேண்டில்பாரிலும் கைக்கடக்கமான பழைய கருவி ஒன்று உண்டு. வீட்டில் கணினியில் உட்கார்ந்து, லாரி இல்லாத சாலைகளாகப் பார்த்து வழியை வரைந்து அதில் ஏற்றிவிடுவேன். திரையில் ஒரு ஊதாக் கோடு வரும். அதன் மேலேயே போக வேண்டியதுதான். தானாக வழியை மாற்றிக் கணக்கிடும் வசதியை அணைத்து வைத்திருப்பேன். அதை விட்டுவைத்தால், நாம் டீ குடிக்க நான்கடி ஒதுங்கினாலும் கருவி புது வழி கண்டுபிடித்து நெடுஞ்சாலைக்கு இழுத்துக்கொண்டு போகும். அணைத்துவிட்டால் விலகும்போது ‘பீப்’ என்று கத்தும், அவ்வளவுதான். கோடு அசையாது.

இதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பிரிவுச் சாலைகளில் ஒருவருக்காக ஒருவர் நிற்பதில்லை. இருவரிடமும் ஒரே கோடு இருக்கிறது, அவரவர் வேகத்தில் போய் ஊரில் சந்திக்கலாம். இந்தப் பழக்கத்தைப் பற்றி நண்பர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டதற்கு அளவே கிடையாது.

கிளம்புவதற்கு முந்தைய மாலை சுமதியின் அக்கா கணவர் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். பலமனேருக்கு முன்னால் இடதுபுறம் பிரிந்து காட்டோரமாகப் போகும் சாலையில் விரலை வைத்தார்.

“இந்தப் பக்கம் வேணாம்பா. சாய்ங்காலம் ஆச்சின்னா ஆனைங்க எறங்குது. மெயின் ரோட்டுலயே போய்டுங்க.”

உடனே மாற்றிவிட்டேன். 53 கிலோமீட்டர் வழி 46 ஆனது. பழைய பெயரிலேயே சேமித்து என் கருவியில் ஏற்றினேன். பழைய வழி ஏறியிருந்த சுமதியின் கருவி உள்ளறையில் சார்ஜில் இருந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று எழுந்து போனேன்.

காலையில் ஏற்றவில்லை. விருந்து வைக்காமல் அனுப்ப மாட்டோம் என்று பிடித்துக்கொண்டதில் பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. அந்த அவசரத்தில், “வழியைத் திறந்துட்டியா?” என்று கேட்டேன். “சாந்திபுரம்–பலமனேர், தொறந்தாச்சு” என்றாள். என் திரையிலும் அதே பெயர்தான் இருந்தது. மிதிக்கத் தொடங்கிவிட்டோம்.

வி.கோட்டாவில் டீ குடித்தபோது மணி மூன்று. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் என் பின் டயர் பஞ்சர். “நீங்க ஒட்டிக்கினு வாங்க. நான் மெதுவா போய்க்கினே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு சுமதி போனாள். பிரிவுச் சாலைக்கு நான் வந்தபோது மணி நாலேகால் தாண்டியிருந்தது. என் கோடு நேராகப் போனது. மூலையில் இருந்த டீக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, சைக்கிளில் ஒரு அம்மா போனாரா என்று சும்மாதான் கேட்டேன்.

கடைக்காரர் இடதுபக்கம் கையைக் காட்டினார். “இப்பிடித்தான் திரும்பினாங்க சார். அரை மணி ஆயிருக்கும். ஏனுகுங்க வர்ற டைமு, போவாதம்மான்னு கத்தினேன். கவனிக்கல, போய்க்கினே இருந்தாங்க.”

ஏனுகு என்றால் தெலுங்கில் யானை. அந்த நொடியில் என் மடிக்கணினி, உள்ளறை, சார்ஜர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். யானை வந்தால் ஓடக்கூடிய முழங்கால் இல்லை அவளுக்கு.

கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு, நின்றிருந்த ஆட்டோக்காரரிடம் ஓடினேன். பெயர் நாகராஜ். முதலில் முடியவே முடியாது என்றார். விஷயத்தைச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே கிளப்பினார்.

“கடைசி போர்செட்டு வரைக்கும் வர்றேன் சார். அதுக்கு மேல கூப்பிடாத.”

கையில் இருந்த கருவி ‘பீப், பீப்’ என்று கத்திக்கொண்டே இருந்தது. அதன் அம்பு, விட்டுவந்த மெயின் ரோட்டையே காட்டியது. சுமதி போய்க்கொண்டிருப்பது நான் வரைந்த கோட்டில்தான். ஆனால் அந்தக் கோடு என்னிடம் இல்லை. அதே பெயரில் சேமித்ததால் பழையது அழிந்துவிட்டது. கருவியைத் தூக்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. என் மேல் வந்த ஆத்திரம் அதைவிடப் பெரிது.

தக்காளித் தோட்டங்கள் முடிந்து புதர்க்காடு தொடங்கியது. சாலையில் யானைச் சாணம் கிடந்தது. நாகராஜ் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். “இன்னிக்கிதுதான்” என்றார். கடைசி போர் மோட்டார் கொட்டகையைத் தாண்டியும் ஓட்டினார். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

சாலை இரண்டாகப் பிரிந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். வலதுபக்கம் அகலமான செம்மண் சாலை. இடதுபக்கம் ஒற்றை வண்டித் தடம். “எந்தாண்ட சார்?” என்றார். கண்ணை மூடி அந்த மாலையை நினைத்துப் பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஏரிக்கரை அழகாகத் தெரிந்தது. அதன் வழியாகப் போகட்டும் என்று கோட்டை இடதுபக்கம் இழுத்திருந்தேன். இழுத்திருந்தேனா? அது சித்தூர் வழியா, இந்த வழியா? உறுதியாகத் தெரியவில்லை.

“லெஃப்டு” என்றேன்.

ஏரிக்கரை வந்தது. கரைக்கு அப்பால் காட்டுக்குள் எங்கோ கிளை முறியும் சத்தம் கேட்டது. நாகராஜ் என்ஜினை அணைத்தார். மறுபடி ஒரு கிளை முறிந்தது. அப்போது தடத்தின் வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுமதி வந்தாள். லேசாகக் காலைச் சாய்த்து நடந்தாள். நான் இறங்கி ஓடினேன். கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

சைக்கிளை ஆட்டோவின் பின்னால் கட்டினோம். வண்டி திரும்பிய பிறகுதான் அவள் பேசினாள்.

“அந்தாண்ட ஆனைக்குன்னு பள்ளம் வெட்டி வெச்சிருக்காங்க. ரோடே இல்ல. கோடு மட்டும் அப்பிடியே அதுமேல போவுது. அதான் திரும்பிட்டேன்.”

“வேற வழி எதுவும் இல்லையா?”

“பள்ளத்தாண்ட வலது பக்கமா ஒண்ணு நல்லாத்தான் இருந்திச்சி. அதுல போவல. நீங்க தேடிக்கினு வந்தா இந்தக் கோட்டு மேலதான வருவீங்க?”

டீக்கடையில் என் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, அதே ஆட்டோவில் ஊர் போய்ச் சேர்ந்தோம். பலமனேர் லாட்ஜில் அறை எடுத்து, அவள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆனை வர்துன்னு தெரிஞ்சிதான உங்களுத மாத்தினீங்க?”

“ஆமா.”

“என்னுத ஏன் மாத்தல?”

மறந்துவிட்டேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் சித்தூர் வரை 42 கிலோமீட்டரும் என்னோடு பேசவில்லை. மொகிலி கணவாய் இறக்கம் அருமையாக இருக்கும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் பிரேக்கையும் அவள் முதுகையும்தான் பார்த்தேன்.

இதே முறையில் பயணம் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வழியை மாற்றினால் பெயரையும் மாற்றுங்கள். பழையதை அழிக்காதீர்கள். காலையில் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாமல், எல்லாக் கருவிகளிலும் மொத்த தூரத்தை ஒப்பிடுங்கள். எங்கள் 46-ம் 53-ம் திரையிலேயே இருந்தன, நாங்கள்தான் பார்க்கவில்லை. வரைபடத்தில் சாலை இருப்பதால் தரையிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். பலமனேர் பக்கம் நாலு மணிக்கு மேல் உள்சாலைகள் வேண்டாம். தானாக மாற்றிக் கணக்கிடும் வசதியை நான் இன்னும் அணைத்தேதான் வைத்திருக்கிறேன். அன்று அது இயங்கியிருந்தால் சுமதியை அந்த வலதுபக்கச் சாலையில் அனுப்பியிருக்கும், நான் ஏரிக்கரையில் காத்துக்கொண்டிருந்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலை சித்தூரில் அவளை அருகில் உட்கார வைத்து, அவள் கண் முன்னாலேயே இரண்டு கருவிகளிலும் திருப்பதி வழியை ஏற்றினேன். தூரத்தை அவளே படித்தாள், இரண்டிலும் 71. வழக்கம்போல முன்னால் போய்விட்டாள். திருப்பதி ஊருக்குள் அலிபிரி சாலை பிரியும் இடத்துக்கு நான் வந்தபோது, சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தாள். ஏழுமலையும் எதிரே தெரிந்தது.

“என்ன ஆச்சு? கோடு தப்பா?”

“கோடு சரியாத்தான் இருக்குது” என்றாள். “நின்னுக்கினு இருந்தேன்.”